பக்கவாதமும் பக்கத்து வீடும்

எம்.ஜி.ஆர். அவர்களுக்கு 1984இல் என்ன நோய் வந்தது என்று நம்மவர் யாரைக் கேட்டாலும் "கிட்னி" என்று ஒரே சொல்லில் பதில் வரும். அது சரியான பதில்தான். ஆனால் பாதிப் பதில். அந்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட முதலமைச்சருக்கு, சிறுநீரகக் கோளாறு போதாதென்று அங்கேயே பக்கவாதமும் வந்தது. நவம்பர் தொடக்கத்தில் தனி விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டு செல்லப்பட்டார். அங்கே புரூக்ளின் பகுதியிலுள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் டிசம்பர் மாதம் அவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. சிறுநீரகம் ஓர் அறுவைச் சிகிச்சையில் கிடைத்தது. பக்கவாதம் பறித்துக்கொண்ட பேச்சு அப்படி ஒரே நாளில் திரும்பக் கிடைக்கவில்லை.

அந்த நான்கு மாதங்கள் தமிழ்நாட்டில் நடந்தவற்றைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயில், தேவாலயம், மசூதி என்ற வேறுபாடின்றிப் பிரார்த்தனைகள் நடந்தன. 1968இல் வெளியான ‘ஒளி விளக்கு’ அவருடைய நூறாவது படம். அதில் நாயகன் உயிர் பிழைக்க வேண்டி இறைவனை நோக்கிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. பதினாறு ஆண்டுகள் கழித்து அந்தப் பாட்டை மட்டும் தனியாக எடுத்துத் திரையரங்குகளில் போட்டார்கள். ஜனங்கள் கண்ணீரோடு கேட்டார்கள். அன்பின் மிகுதியில் தங்களையே வருத்திக்கொண்டவர்களும் உண்டு. அதைப் போற்றுவதற்கில்லை. டிசம்பர் 24ஆம் தேதி நடந்த தேர்தலில், ஆண்டிபட்டித் தொகுதிக்கு ஒருநாள்கூடப் போகாமலே அவர் வென்றார். 1985 பிப்ரவரி 4இல் சென்னை திரும்பி, 10ஆம் தேதி மீண்டும் முதலமைச்சராகப் பதவியேற்றார்.

இதுவரை சொன்னது வரலாறு. நாம் பாடமாகப் படிக்க வேண்டியது இதற்குப் பிறகு நடந்தது. திரும்பி வந்தவருக்குப் பேச்சு தெளிவாக இல்லை. வசனத்தாலும் மேடையாலும் உயர்ந்த ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? 1967 ஜனவரி 12ஆம் தேதி தொண்டையில் குண்டு பாய்ந்தபோதே ஒருமுறை அவர் குரல் மாறிப் போயிருந்தது. மாறிய குரலோடேயே நடித்தார், மக்களும் கேட்டார்கள். இரண்டாம் முறை சொல்லே குழறியது. அப்போதும் அவர் வீட்டுக்குள் ஒடுங்கிவிடவில்லை. விழாக்களுக்குப் போனார், கோப்புகளைப் பார்த்தார், 1987 டிசம்பர் 24ஆம் தேதி மறையும் வரை பதவியில் இருந்தார். தம் இராமாவரம் தோட்டத்தில் ஒரு பகுதியைக் காது கேளாத, வாய் பேச இயலாத பிள்ளைகளின் பள்ளிக்கென்று உயிலில் எழுதி வைத்தார். அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. அவருடைய அரசியலை ஏற்காதவர்களும் இந்த ஒரு செய்கைக்குத் தலை வணங்கலாம்.

முழுக்கக் குணமாகாத நிலையிலும் ஒருவர் தம் வேலைக்கும் தம் மனிதர்களிடமும் திரும்ப முடியும் என்பதையே இது காட்டுகிறது. ஆனால் அதற்கு எதிரே உட்கார்ந்து, தெளிவில்லாத பேச்சைப் பொறுமையாகக் கேட்க ஆள் வேண்டும். முதலமைச்சருக்கு அப்படிப்பட்டவர்கள் கோடிக்கணக்கில் இருந்தார்கள். மான்குர்த்தில் ஒரு சால் அறையிலோ, மறுவாழ்வுக் கட்டிடத்தின் ஐந்தாவது மாடியிலோ படுத்திருக்கும் நம்மவருக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நோயின் கணக்கு

நம் பாட்டிமார் இதைப் ‘பாரிச வாயு’ என்றார்கள். நெல்லைச் சீமையில் ‘கை கால் விழுந்து போச்சு’ என்பார்கள். ‘வாதம் அடிச்சிட்டுது’ என்பதும் உண்டு. பெயரில் வாயுவும் வாதமும் இருப்பதால் கோளாறு கையிலும் காலிலும்தான் என்று எண்ணி, நாம் முதலில் தேடுவது எண்ணெய்க் கிண்ணத்தை. கோளாறு இருப்பது மூளையில். மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயை ஒரு கட்டி அடைத்துக்கொள்கிறது. அல்லது குழாய் வெடித்து இரத்தம் கசிகிறது. மூளையின் இடப்பாதி உடம்பின் வலப்பக்கத்தை ஆள்கிறது. வலப்பாதி இடப்பக்கத்தை ஆள்கிறது. பெரும்பாலோருக்குப் பேச்சின் இருப்பிடமும் இடப்பாதிதான். வலது கை விழுந்தவருக்குப் பல நேரம் பேச்சும் சேர்ந்து போவது இதனால்தான்.

நம் மும்பையிலேயே இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகள், நகரின் ஒரு பகுதியில் ஒன்றரை லட்சம் மக்களுக்கு மேல் உள்ள வட்டாரத்தை எடுத்துக்கொண்டு டாக்டர் பி.எம். தலால் குழுவினர் ஆராய்ந்தார்கள். லட்சம் பேரில் ஆண்டுக்கு 145 பேருக்கு முதல்முறையாகப் பக்கவாதம் வருகிறது என்று கண்டார்கள். அவர்களில் நூற்றுக்கு 80 பேருக்கு அடைப்பு, 18 பேருக்குக் கசிவு. ஆண்களின் சராசரி வயது 63, பெண்களுக்கு 69. இருபத்தெட்டு நாட்களுக்குள் நூற்றுக்கு 30 பேர் இறந்துபோனார்கள். மீதி எழுபது பேரைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை.

ஆயினும் அந்த முப்பதைக் குறைக்கவும், எழுபதில் பலரை நடக்க வைக்கவும் வழி இருக்கும்போது அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. தாக்குதல் தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு பலன். பெரிய குழாயில் அடைப்பென்றால், தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை இழுத்து எடுக்கும் முறையும் உண்டு. தகுதியுள்ள சிலருக்கு இதை 24 மணி நேரம் வரைகூடச் செய்கிறார்கள். ஆனால் அடைப்பா, கசிவா என்பதை சி.டி. ஸ்கேன் எடுக்காமல் எப்பேர்ப்பட்ட டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்குக் கரைக்கிற மருந்து கொடுத்தால் விபரீதம். எனவே வீட்டில் இருக்கும் ஆஸ்பிரின் மாத்திரையை ஸ்கேனுக்கு முன் நாமாகவே கொடுக்கக் கூடாது.

அறிகுறியைக் கண்டுகொள்ள மூன்று கட்டளைகள் போதும். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள்; ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? தம் பெயரையும் ஊரையும் சொல்லச் சொல்லுங்கள், குழறுகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். அவர் கடைசியாக நல்லபடி இருந்தது எத்தனை மணிக்கு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். தூங்கி எழும்போதே வாய் கோணியிருந்தால், எழுந்த நேரம் கணக்கில்லை. படுக்கப் போன நேரம்தான் கணக்கு. திடீரென்று கண் பார்வை மங்குவதும், நிற்க முடியாமல் தள்ளாடுவதும்கூட இதன் அறிகுறியாக இருக்கலாம். சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். விழுங்கும் தசையும் தளர்ந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் முடியும்.

மான்குர்த்வாசிகளுக்கு ஒரு வசதி, சயான்-டிராம்பே சாலை. அது நேரே சயானில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே மாநகராட்சியின் லோகமான்ய திலக் மருத்துவமனை இருக்கிறது. 108க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். இரவு இரண்டு மணிக்கும் சி.டி. ஸ்கேன் எடுக்கிற ஆஸ்பத்திரி நமக்குப் பக்கத்தில் எது என்பதை, யாருக்கும் ஒன்றும் நேராத இன்றைக்கே விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்கேன் இல்லாத நர்சிங் ஹோமில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு கழித்த மூன்று மணி நேரத்தைப் பிறகு யாராலும் திருப்பித் தர இயலாது.

கும்பிடும் நேரம்

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் பகுதிகளில் பல நோயாளிகளின் அந்த நாலரை மணி நேரம் நம்பிக்கையின் பெயரால்தான் வீணாகிறது. செய்வினை என்று ஒருவர் சொல்வார். காத்து அடித்துவிட்டது, மந்திரித்தால் போகும் என்று இன்னொருவர் சொல்வார். புறா இரத்தத்தைச் சூட்டோடு தேய்த்தால் நரம்பு இளகும் என்று சொல்பவர் ஊர்தோறும் உண்டு. புறாவின் உயிர் போவதைத் தவிர அதில் வேறெதுவும் நடப்பதில்லை. திருநீறு பூச அரை நிமிடம் போதும். பூசிக்கொண்டே வண்டியில் ஏறலாம். ஜெபமும் அப்படியே, துவாவும் அப்படியே.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் நம்பிக்கைக்கு உண்மையான வேலை தொடங்குகிறது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பெண்கள் குழுவாக உட்கார்ந்து நாராயணீயம் படிப்பதைக் கேட்டிருப்பீர்கள். மேல்புத்தூர் நாராயண பட்டத்திரி பதினாறாம் நூற்றாண்டில் வாத நோயோடு குருவாயூருக்கு வந்து, நாளுக்கு ஒரு தசகமாக நூறு தசகம் பாடிக் குணமடைந்தார் என்பது மரபு. அவருக்கு வந்தது இன்றைய டாக்டர்கள் சொல்லும் பக்கவாதமா, மூட்டு வாதமா என்ற ஆராய்ச்சி இப்போது நமக்கு வேண்டாம். அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அற்புதம் அல்ல, அளவு. நாளுக்கு ஒன்று, நூறு நாள். பக்கவாதத்தில் இழந்தது திரும்புவது முதல் மூன்று மாதங்களில்தான் மிக வேகம் என்று மருத்துவமும் சொல்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் வேகம் குறையும். ஆனாலும் நின்றுபோவதில்லை, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வருவதுண்டு. மூளையில் இறந்துபோன பகுதி உயிர்பெறாது. அதைச் சுற்றியுள்ள பகுதிகளும் எதிர்ப்பாதியும் அந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்கின்றன. கற்பதற்கு ஒரே வழி, திரும்பத் திரும்பச் செய்வது. டம்ளரைப் பிடித்து எடுத்து வைப்பதை இருநூறு முறை செய்ய வேண்டும் என்றால் எவருக்கும் சலிப்பு வரும். தினம் குறித்த நேரத்தில் கவசம் சொல்லியோ, ஜெபமாலை உருட்டியோ பழகியவருக்கு இந்தச் சலிப்பைத் தாங்கும் பயிற்சி ஏற்கெனவே உண்டு.

சொல் போனாலும் பழமொழி போகாது

1861இல் பாரிஸ் நகரத்தில் புரோக்கா என்ற டாக்டர் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். அந்த மனிதருக்கு மற்றவர் சொல்வது புரியும். ஆனால் எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஒரே ஓசைதான் வாயிலிருந்து வரும். கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு தெளிவாக வருமாம். அவர் இறந்த பின் மூளையைப் பார்த்தபோது இடப்பாதியின் முன்பகுதி கெட்டிருந்தது. மூளையில் பேச்சுக்கென்று ஓர் இடம் உண்டு என்று உலகம் ஏற்றுக்கொண்டது இதிலிருந்துதான்.

இந்த வசவு சமாச்சாரம் நம் வீடுகளில் பலர் கண்டதுதான். "தண்ணீர் வேண்டும்" என்று சொல்ல முடியாத பெரியவர், கால் இடறினால் ஊர்ப்பக்கத்துக் கெட்ட வார்த்தையைச் சுத்தமாகச் சொல்வார். மருமகள் முகம் சுளிப்பாள். உண்மையில் அது நல்ல செய்தி. யோசித்துக் கட்டுகிற வாக்கியம் வேறு, நாக்கில் ஊறிப்போன சொற்கள் வேறு. ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள் செவ்வாய், வாய்ப்பாடு, கந்த சஷ்டி கவசம், பரலோக மந்திரம், அல்ஃபாத்திஹா ஆகியவையெல்லாம் இரண்டாம் வகை. இவற்றைத் தூண்டும்போது மூளையின் வலப்பாதியும் உள்ளாழத்துப் பகுதிகளும் கைகொடுக்கின்றன என்று கருதுகிறார்கள். சொல்லை மெட்டில் போட்டு, இடது கையால் தாளம் தட்டிச் சொல்ல வைக்கும் ஒரு சிகிச்சை 1973இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் உருவானது. எல்லாருக்கும் அது பலிப்பதில்லை. பழக்கிய சொற்றொடர்கள் வரும், புதியவை அவ்வளவு எளிதாக வருவதில்லை. ஆகவே தாத்தா கவசம் முழுவதையும் பிசகாமல் சொல்லிவிட்டார் என்று ஆனந்தப்பட்டு அங்கேயே நின்றுவிடக் கூடாது. அது வாசல்; அதன் வழியாக "தண்ணி வேணும்" வரைக்கும் அழைத்து வர வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று, தொடங்கிவைத்து நிறுத்துவது. "யானைக்கும்" என்று நீங்கள் நிறுத்துங்கள். "அடி சறுக்கும்" என்று அவர் முடிக்கட்டும். "ஆழம் தெரியாமல்" என்றால் "காலை விடாதே". பேச்சுப் பயிற்சியாளர்களும் இப்படிப் பாதி வாக்கியத்தைக் கொடுத்து மீதியை வாங்குவதை முறையாகவே செய்கிறார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழ நகைச்சுவையை அறியாத தமிழர் உண்டா? கவுண்டமணி கேட்பதை நீங்கள் கேளுங்கள், செந்தில் சொல்வது அவர் வாயில் வருகிறதா பாருங்கள். வராவிட்டாலும் சிரிப்பாவது வரும்.

இங்கேதான் நம்மைப் போன்று வெளியூரில் வாழ்கிறவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மும்பையில் பேச்சுப் பயிற்சிக்கு நல்ல இடங்கள் உண்டு. பாந்த்ரா ரெக்ளமேஷனில் 1983இல் தொடங்கிய அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இருக்கிறது. ஹாஜி அலியில் 1955இல் தொடங்கிய மத்திய அரசின் உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அங்கே கேள்வி இந்தியிலோ மராத்தியிலோதான் வரும். நாற்பது ஆண்டு இந்த ஊரில் உழைத்தவர், சந்தையிலும் வேலையிடத்திலும் இந்தியில் வெளுத்து வாங்கியவர்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அந்த இந்தி எங்கே போயிற்று என்று தெரியாது. பல மொழி பேசுகிறவருக்குப் பேச்சு திரும்பும்போது எந்த மொழி முந்தும் என்று நூற்றாண்டுக்கு மேலாக விவாதிக்கிறார்கள். முதலில் கற்ற மொழி என்றார் ரிபோ. நோய்க்கு முன் அதிகம் புழங்கிய மொழி என்று 1895இல் பிட்ரஸ் சொன்னார். பலருக்கு எல்லா மொழியும் ஒன்றாகவே மெல்ல மெல்லத் திரும்புகிறது. சிலருக்கு ஒன்று வந்து மற்றது வராமலே போகிறது. இந்தியில் கேட்டதற்குப் பதில் இல்லை என்று "பேச்சு இல்லை" என எழுதிவிட்டால், தமிழில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும். கூடவே ஒரு தமிழ் பேசுகிறவர் போய், டாக்டரின் அனுமதியோடு அதே கேள்வியைத் தமிழில், முடிந்தால் அவருடைய ஊர்த் தமிழில் கேட்க வேண்டும். பேரப்பிள்ளைகள் மராத்தி, ஆங்கிலப் பள்ளிகளில் படிக்கிறார்கள். வீட்டில் அதற்கு ஆள் இல்லாமல் போகலாம். பக்கத்து வீட்டு அண்ணாச்சி தேவைப்படுவது இதற்குத்தான்.

பீச்சாங்கைச் சோறு

வலது கை விழுந்த தமிழரின் முதல் அவமானம் சாப்பாட்டில் வருகிறது. பீச்சாங்கையால் சோற்றை எடுப்பதற்குக் கூசி, நாலு பேர் எதிரில் பட்டினி கிடப்பவர்கள் உண்டு. பிரசாதத்தை இடக்கையால் வாங்க மாட்டேன் என்று கோயிலுக்கே போகாமல் இருப்பார்கள். செட்டா நகர் முருகன் எந்தக் கையையும் தள்ளப் போவதில்லை என்று அவருக்கு அர்ச்சகரே ஒருமுறை சொன்னால் நாம் நூறு முறை சொல்வதைவிட நன்றாக ஏறும். வீட்டில் எல்லாரும் ஒரு வேளை இடக்கையால் சாப்பிட்டுப் பார்க்கலாம். ரசம் சாதத்தை முழங்கை வரை ஒழுகவிட்டுக்கொண்டு மகனும் பேரனும் படும் பாட்டைப் பார்த்து அவர் சிரிப்பார். "நான் பரவாயில்லையே" என்ற நினைப்பு ஒரு மருந்து. சுவீடன் நாட்டுக் கவிஞர் தோமஸ் டிரான்ஸ்ட்ரோமருக்கு 1990இல் பக்கவாதம் வந்து பேச்சும் வலக்கையும் போயின. அவர் இடக்கைக்கென்றே எழுதப்பட்ட இசையை பியானோவில் வாசிப்பதைத் தொடர்ந்தார். கவிதை எழுதுவதையும் விடவில்லை. 2011இல் நோபல் பரிசு பெற்றார். இடக்கைக்கு மட்டும் இசை எழுதி வைத்திருக்கிறார்கள் பாருங்கள், நாம் சோற்றுக்கே யோசிக்கிறோம்! அதற்காக விழுந்த கையை மறந்துவிடவும் கூடாது. அதற்கான பயிற்சி தனியே நடக்க வேண்டும். ஆளைத் தூக்கும்போது அந்தக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும்.

இடது பக்கம் விழுந்தவர்களுக்கு வேறு மாதிரி. சிலருக்கு இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே மூளைக்கு மறந்துபோகும். தட்டில் வலப்பாதிச் சோற்றைத் தின்றுவிட்டு இடப்பாதியை அப்படியே வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்பார். வயதான காலத்தில் அடம் பிடிக்கிறார் என்று வீட்டில் பேச்சு. தட்டைத் திருப்பி வையுங்கள், சாப்பிடுவார். பிறகு இடப்பக்கமாக உட்கார்ந்து பேச்சுக் கொடுத்து, தலையை அந்தப் பக்கம் திருப்பப் பழக்குங்கள்.

ஹாலிவுட் நடிகர் கிர்க் டக்ளஸை ‘ஸ்பார்ட்டகஸ்’ (1960) படத்தில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1996 ஜனவரியில் அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிற்று. மனம் உடைந்து உயிரை விட்டுவிடலாம் என்ற இடத்துக்குப் போய்விட்டார். அந்த நேரத்தில் எதிர்பாராத ஒரு பல்வலி குறுக்கிட, தம்மை நினைத்துத் தமக்கே சிரிப்பு வந்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். இரண்டே மாதத்தில் ஆஸ்கார் மேடையில் நின்று குழறியபடியே மனைவிக்கும் மக்களுக்கும் நன்றி சொன்னார். தம் யூத மதத்தை ஆழ்ந்து படித்தார். பேச்சுப் பயிற்சியை விடவில்லை. 2020இல் மறையும்போது அவருக்கு 103 வயது.

சிரிப்பிலும் கவனம் வேண்டும். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. அதற்கு மருந்தும் உண்டு. "எப்பவும் கலகலன்னு இருக்கணும்" என்று அவர்களை அதட்டுவது கொடுமை. இன்னும் சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும், நிறுத்த முடியாது. துக்க வீட்டில் சிரித்துவிட்டார் என்று உறவுக்காரர் பகைத்துக்கொள்வார்கள். அது அவர் சிரிப்பதல்ல, நரம்பு செய்கிற வேலை. இதற்கும் டாக்டரிடம் வழி இருக்கிறது. வேடிக்கை என்பது அவரும் சேர்ந்து சிரிப்பது. குழறலைக் கேட்டு நாம் மட்டும் சிரித்தால் அதற்குப் பெயர் வேறு.

நாலு வீட்டு வேலை

வீட்டார் அன்பாகப் பார்த்துக்கொண்டால் போதும், பிசியோதெரபி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் கிடைத்திருக்கிறது. இந்தியா முழுவதும் 14 மருத்துவமனைகளில் 1250 நோயாளிகளை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் முடிவு வெளிவந்தது. ஒரு பாதியினரின் வீட்டாருக்குப் பயிற்சி முறைகளைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். மறுபாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் நூற்றுக்கு 47 பேர் இறந்தோ, பிறர் துணையின்றி வாழ இயலாமலோ இருந்தார்கள். வித்தியாசமே இல்லை. எனக்கு இதில் வியப்பில்லை. ஏற்கெனவே சமையல், துணி, பிள்ளைகள் என்று திணறும் ஒரு பெண்ணின் தலையில் பயிற்சியாளர் வேலையையும் வைத்தால் என்ன நடக்கும்? அவர் செம்பூரிலோ வாஷியிலோ வீட்டு வேலைக்குப் போகிறவரென்றால், அந்தக் கூலியும் அன்றோடு நின்றுபோகிறது.

மான்குர்த்திலிருந்து ஹாஜி அலிக்கு ஒருவரை அழைத்துச் செல்வதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஹார்பர் வண்டியில் குர்லா; அங்கே மாறித் தாதர்; மீண்டும் மாறி மகாலட்சுமி; பிறகு டாக்சி. ஒரு கால் இழுக்கிறவருக்கு மூன்று வண்டி, இரண்டு மேம்பாலம். மாற்றுத் திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். பாந்த்ராவுக்கென்றால் வடாலாவில் மாற வேண்டும். இதை வாரம் இரண்டு முறை மனைவி மட்டும் செய்தால் மூன்றாவது வாரம் நின்றுவிடும். நாலு வீட்டு ஆண்கள் முறை வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மாதம் இரண்டு நடைதான். லிஃப்ட் ஓடாத நாளில் நாற்காலியோடு தூக்கி இறக்கவும் இந்த நாலு பேர் வேண்டும். சயான் ஆஸ்பத்திரி இதைவிடப் பக்கம், குர்லாவுக்கு அடுத்த நிலையம். தொடர் பயிற்சிக்கு முதலில் அங்கே கேட்டுப் பார்ப்பதே நடைமுறைக்கு ஒத்தது. ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு மகாத்மா ஜோதிபா புலே ஜன ஆரோக்கிய யோஜனாவில் என்ன கிடைக்கும் என்று விசாரிக்க, மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த நம் இளைஞர் ஒருவர் கூடப் போனால் பாதி வேலை முடிந்துவிடும்.

இவையெல்லாம் மலைப்பாக இருக்கும்போது வீட்டில் எழுகிற பேச்சு, "ஊருக்குக் கொண்டுபோய் விட்டுடுவோம்" என்பது. முப்பது மணி நேரத்துக்கு மேல் ரயிலில் படுக்க வைத்து, திருநெல்வேலிப் பக்கம் அண்ணன் வீட்டுத் திண்ணையில் சேர்த்துவிட்டு மகன் திரும்பி வந்துவிடுவார். வாய்ப்பான அந்த முதல் மூன்று மாதங்கள் திண்ணையில் கழியும். ஊருக்கு அனுப்புவதே தவறு என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஊர்க்காற்றும் சொந்தங்களும்தான் தெம்பு. அனுப்புவதானால் ஸ்கேன் படங்களையும் மருந்துச் சீட்டையும் கையோடு கொடுத்து அனுப்புங்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். போய்ச் சேர்ந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிட வேண்டும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரையை "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்துவதுதான் இரண்டாவது தாக்குதலுக்கு நாமே வைக்கும் வெற்றிலை பாக்கு.

இங்கேயே வைத்துக்கொள்பவர்களுக்கு நம் மன்றத்துப் பெண்கள் செய்து தரக்கூடிய ஒன்று உண்டு. பெரிய அட்டையில் பன்னிரண்டு கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு படமும் சொல்லும் எழுதுங்கள்: தண்ணீர், சாப்பாடு, கழிவறை, வலி, குளிர், ஃபேன், கண்ணாடி, டி.வி., சாமி கும்பிட, மகன், பேத்தி என்று அவர் வீட்டுக்குத் தக்கபடி. மேலே தமிழிலும், வருகிற பயிற்சியாளருக்கும் பேரப்பிள்ளைக்கும் புரியும்படி கீழே தேவநாகரியிலும் எழுதுங்கள். விரலை வைத்தால் போதும். தாளம் தட்டுவது போல் ஒவ்வொன்றையும் நாமும் கூடவே சொல்ல வேண்டும். பன்னிரண்டாவது கட்டத்தில் மட்டும் "போதும், போயிட்டு நாளைக்கு வாங்க" என்று எழுதி வையுங்கள். நலம் விசாரிக்க வருகிற நம்மவர்கள் ஒருமுறை உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார்கள். அவரும் பாவம், கொஞ்ச நேரம் தூங்க வேண்டாமா?